விண்டோஸ், லினக்ஸ், மேக் கலந்த டொமைனில் ஷேர்களை மவுண்ட் செய்வது

கணக்குப் பிரிவு விண்டோஸில் இருக்கும், நிரலாளர்கள் லினக்ஸில் இருப்பார்கள், வடிவமைப்பாளர்கள் மேக்கை விடமாட்டார்கள். கோப்புகள் மட்டும் எல்லோருக்கும் பொதுவாக ஒரே சர்வரில். இப்படிப்பட்ட அலுவலகத்தில் சிஸ்டம் அட்மினாகச் சேர்ந்தவருக்கு முதலில் வரும் புகார், "அந்த ஃபோல்டர் எனக்கு வரவில்லை, பக்கத்து சீட்டில் வருகிறது" என்பதாகத்தான் இருக்கும்.

சர்வரில் பகிர்ந்து வைத்த ஃபோல்டரை, அதாவது ஷேரை, நம் கணினியின் சொந்த டிரைவ் போல இணைத்துக்கொள்வதைத்தான் மவுண்ட் என்கிறோம். அதற்கான கட்டளை ஒரே ஒரு வரி. ஆனால் வேலை செய்யாதபோது காரணம் அந்த வரியில் இருப்பது அபூர்வம். சர்வரின் பெயர் வேறு எங்கோ போயிருக்கும், கடிகாரம் தவறியிருக்கும், பயனர் வேறொருவரின் அடையாளத்தோடு நுழைந்திருப்பார், அல்லது அனுமதி வந்து சேர்ந்திருக்காது. எனவே பெயர், நேரம், அனுமதி, அடையாளம் என்று வரிசையாகப் பார்த்துவிட்டு, அப்புறம் மவுண்டுக்கு வாருங்கள். இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் பாதி நாள் மிச்சமாகும்.

இந்தக் கட்டுரையில் டொமைன் என்பது ஆக்டிவ் டைரக்டரி டொமைன், அதாவது பயனர்களையும் கணினிகளையும் ஒரே இடத்தில் வைத்து நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்டின் ஏற்பாடு. கோப்பு சர்வர் விண்டோஸ் சர்வராகவோ, விண்டோஸ் போலக் கோப்புகளைப் பகிரும் சாம்பா மென்பொருள் ஓடும் லினக்ஸாகவோ இருக்கலாம். 2012 டிசம்பரில் வந்த சாம்பா 4.0 முதல், டொமைனை நடத்தும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரையே சாம்பாவில் நடத்த முடிகிறது. மூன்று சிஸ்டங்களுக்கும் பொதுவான கோப்புப் பகிர்வு மொழி எஸ்எம்பி. லினக்ஸுக்கு மட்டும் தனியாக என்எஃப்எஸ் என்ற இன்னொரு பகிர்வு மொழியை வைக்கலாமா என்று பலர் கேட்பார்கள். ஒரே ஃபோல்டரை எஸ்எம்பி வழியாகவும் என்எஃப்எஸ் வழியாகவும் திறந்துவிட்டால் இரண்டு விதமான அனுமதி, இரண்டு விதமான கோப்புப் பூட்டு என்று சிக்கல் இரட்டிப்பாகும். தொடங்கும்போது எஸ்எம்பி ஒன்றையே வைத்துக்கொள்வது நல்லது.

கட்டளைகளை இங்கே உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

பெயரும் நேரமும்

ஒவ்வொரு கணினியிலும், பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸின் முகவரியாக டொமைன் கன்ட்ரோலரின் முகவரி மட்டுமே இருக்க வேண்டும். "ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும்" என்று இணையத்தின் பொது டிஎன்எஸ் ஒன்றை இரண்டாவதாகச் சேர்த்து வைப்பவர்கள் உண்டு. அந்தப் பொது டிஎன்எஸ்ஸுக்கு உங்கள் உள் டொமைனைப் பற்றி எதுவும் தெரியாது. கணினி எப்போதாவது அதைக் கேட்டுவிட்டால், சர்வரே இல்லை என்று பதில் வரும். காலையில் வேலை செய்த ஷேர் மதியம் காணாமல் போவது பெரும்பாலும் இதனால்தான். இரண்டாவது டிஎன்எஸ் வேண்டுமென்றால் இரண்டாவது டொமைன் கன்ட்ரோலரைக் கொடுங்கள்.

என்எஸ்லுக்கப் கட்டளையில் சர்வரின் முழுப் பெயரைக் கொடுத்து, சரியான ஐபி வருகிறதா என்று பாருங்கள். முழுப் பெயர் என்றால் ஃபைல்1.கார்ப்.எக்சாம்பிள்.காம் என்பது போல டொமைனோடு சேர்ந்த பெயர். உங்கள் டொமைன் ".லோக்கல்" என்று முடிந்தால் கூடுதல் கவனம் தேவை. மேக்கும் பல லினக்ஸ் வகைகளும் அந்த முடிவைப் பக்கத்துக் கணினிகளைத் தேடும் வேறொரு முறைக்கு ஒதுக்கி வைத்திருக்கின்றன. அதனால் விண்டோஸில் உடனே கிடைக்கும் பெயர் அவற்றில் தாமதமாகக் கிடைக்கும், அல்லது கிடைக்கவே கிடைக்காது.

மவுண்ட் செய்யும்போதும் இந்த முழுப் பெயரையே பயன்படுத்துங்கள். ஐபி முகவரியைக் கொடுத்தாலும் விண்டோஸில் ஷேர் திறக்கும், அதனால் அதுவே போதும் என்று தோன்றும். ஆனால் டொமைனின் அடையாளச் சீட்டைக் கொடுக்கும் கெர்பரோஸ் அந்தச் சீட்டை சர்வரின் பெயருக்குத்தான் எழுதுகிறது. ஐபி கொடுத்தால் விண்டோஸ் சத்தமில்லாமல் என்டிஎல்எம் என்ற பழைய முறைக்கு இறங்கிவிடும். லினக்ஸில் கெர்பரோஸ் கேட்டு மவுண்ட் செய்தால் நேராகத் தோற்கும். சர்வருக்கு டிஎன்எஸ்ஸில் மாற்றுப் பெயர் வைத்திருந்தாலும் இதே கதைதான். அந்தப் பெயரை செட்எஸ்பிஎன் கட்டளையால் சர்வரின் கணக்கில் பதிந்தால்தான் சீட்டு கிடைக்கும்.

முடிந்தால் டிஎஃப்எஸ் நேம்ஸ்பேஸ் ஒன்றை அமைத்துவிடுங்கள். பயனர்கள் சர்வரின் பெயரை அறியாமல் \\கார்ப்.எக்சாம்பிள்.காம்\பொது\கணக்கு என்றே போவார்கள். நாளைக்கு சர்வரை மாற்றினாலும் ஒருவருடைய கணினியையும் தொட வேண்டியிருக்காது.

அடுத்தது நேரம். கணினிக்கும் டொமைன் கன்ட்ரோலருக்கும் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கெர்பரோஸ் மறுத்துவிடும். இது இயல்பு அமைப்பு. டொமைனில் சேர்ந்த விண்டோஸ் தானே நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். லினக்ஸில் நேரத்தைச் சரிசெய்யும் குரோனி சேவையை டொமைன் கன்ட்ரோலரை நோக்கித் திருப்பிவிடுங்கள், மேக்கில் தேதி-நேர அமைப்பில் அதே பெயரைக் கொடுங்கள். இடைநிறுத்தி வைத்துத் திரும்ப எழுப்பிய மெய்நிகர் கணினிகள் இந்த விஷயத்தில் அடிக்கடி பின்தங்கிவிடும்.

கடைசியாக, எஸ்எம்பி பயன்படுத்தும் 445ஆம் போர்ட் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்ஷன், லினக்ஸிலும் மேக்கிலும் என்சி கட்டளை. இதுவும் சரியென்றால் வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

அனுமதி: இரண்டு கதவு

விண்டோஸ் சர்வரில் ஒரு ஃபோல்டருக்குள் நுழைய இரண்டு கதவுகளைத் தாண்ட வேண்டும். ஒன்று ஷேர் பர்மிஷன், இன்னொன்று ஃபோல்டரின் மீதே உள்ள என்டிஎஃப்எஸ் பர்மிஷன். இரண்டில் எது கடுமையோ அதுதான் செல்லும். புதிதாக ஷேர் உருவாக்கும்போது ஷேர் பர்மிஷன் 'எவ்ரிஒன்: ரீட்' என்று இருக்கும். என்டிஎஃப்எஸ்ஸில் எழுதும் உரிமையைத் தாராளமாகக் கொடுத்துவிட்டு, "படிக்க முடிகிறது, சேமிக்க முடியவில்லையே" என்று பலர் தேடுவது இதனால்தான்.

ஷேர் பர்மிஷனில் டொமைன் பயனர்களுக்கு 'சேஞ்ச்' கொடுத்துவிட்டு, உண்மையான கட்டுப்பாடு முழுவதையும் என்டிஎஃப்எஸ்ஸில் வைப்பது எனக்குப் பிடித்த முறை. ஓர் இடத்தைப் பார்த்தால் போதும். அனுமதியைத் தனி மனிதருக்குக் கொடுக்காமல் குரூப்புக்குக் கொடுங்கள். "கணக்கு-எழுத", "கணக்கு-படிக்க" என்று ஃபோல்டருக்கு இரண்டு குரூப். ஒருவர் பிரிவு மாறினால் குரூப்பை மாற்றினால் போதும்.

குரூப்பில் சேர்த்த உடனேயே அனுமதி வந்துவிடாது. பயனர் லாகின் செய்த நேரத்தில் இருந்த குரூப் பட்டியல்தான் அவருடைய சீட்டில் இருக்கிறது. ஒருமுறை லாகவுட் செய்து திரும்ப வரச் சொல்லுங்கள். திரையைப் பூட்டித் திறப்பது போதாது.

அடையாளம் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "ஷேர்யூசர்" என்று ஒரு பொதுக் கணக்கை உருவாக்கி, அதன் கடவுச்சொல்லை லினக்ஸ், மேக் கணினிகளில் எல்லாம் போட்டு வைக்கும் குறுக்குவழியை எடுக்காதீர்கள். அன்றைக்கு எல்லாம் ஓடும். ஒரு கோப்பு அழிந்துபோன நாளில் யார் அழித்தார் என்று சர்வரின் பதிவேட்டில் தேடினால் எல்லா வரியிலும் ஷேர்யூசர்தான் இருப்பார். ஒருவர் வேலையை விட்டுப் போனால் எல்லாக் கணினியிலும் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும், அதனால் யாரும் மாற்றமாட்டார்கள். டொமைன் என்ற ஏற்பாடே ஒவ்வொருவரும் தன் பெயரில் நுழைவதற்காகத்தான். கீழே வரும் எல்லா வழியும் அதை வைத்தே சொல்லப்படுகின்றன.

விண்டோஸில்

முதலில் ரன் பெட்டியில் \\ஃபைல்1.கார்ப்.எக்சாம்பிள்.காம்\கணக்கு என்று தட்டுங்கள். கடவுச்சொல் கேட்காமல் திறந்தால் எல்லாம் சரி. கேட்டால் அதைக் கொடுத்துச் சமாளிக்காதீர்கள், ஏன் கேட்கிறது என்று பெயருக்கும் நேரத்துக்கும் திரும்பிப் போய்ப் பாருங்கள்.

ஒரு கணினிக்கு மட்டும் என்றால் "நெட் யூஸ் கே: \\ஃபைல்1.கார்ப்.எக்சாம்பிள்.காம்\கணக்கு /பெர்சிஸ்டென்ட்:யெஸ்" போதும். அலுவலகம் முழுவதற்கும் என்றால், டொமைனிலிருந்தே எல்லாக் கணினிக்கும் அமைப்புகளை அனுப்பும் குரூப் பாலிசிதான். யூசர் கான்ஃபிகரேஷன், பிரிஃபரன்சஸ், விண்டோஸ் செட்டிங்ஸ், டிரைவ் மேப்ஸ் என்று போய் டிரைவ் எழுத்தையும் பாதையையும் கொடுங்கள். ஆக்‌ஷன் பெட்டியில் 'அப்டேட்' தேர்ந்தெடுங்கள். 'ரிப்ளேஸ்' ஒவ்வொரு முறையும் டிரைவை நீக்கிவிட்டுத் திரும்ப உருவாக்கும், திறந்திருக்கும் கோப்புக்கு அது நல்லதல்ல. காமன் தாவலில் உள்ள 'ஐட்டம்-லெவல் டார்கெட்டிங்'கில் குரூப்பைக் குறிப்பிட்டால், கணக்குப் பிரிவினருக்கு மட்டும் அந்த டிரைவ் வரும். ஜிபிஅப்டேட் ஓட்டி, ஜிபிரிசல்ட்டில் பாலிசி வந்திருக்கிறதா என்று சரிபாருங்கள்.

லாகின் ஆனதும் டிரைவ்மேல் சிவப்புப் பெருக்கல் குறி தெரிந்து, சொடுக்கினால் திறந்துவிடுகிறதா? நெட்வொர்க் எழுவதற்குள் லாகின் முடிந்துவிட்டது. கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷனில் சிஸ்டம், லாகான் பகுதியில் நெட்வொர்க்குக்காகக் காத்திருக்கச் சொல்லும் பாலிசி இருக்கிறது, அதை இயக்குங்கள்.

1219 என்ற பிழையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஒரு சர்வருடன் ஒரே நேரத்தில் இரண்டு வெவ்வேறு பயனர் பெயரில் இணைய விண்டோஸ் விடாது. காலையில் யாரோ ஒருவர் அதே கணினியில் அட்மின் பெயரைக் கொடுத்து அந்த சர்வரின் வேறு ஷேரைத் திறந்திருப்பார். இப்போது பயனர் தன் டிரைவைத் திறந்தால் 1219. வெறும் "நெட் யூஸ்" என்று தட்டினால் தற்போதைய இணைப்புகள் பட்டியலாக வரும். அதே சர்வருக்கான இணைப்பை "/டிலீட்" சேர்த்து நீக்குங்கள். பிறகு கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, அந்த சர்வரின் பெயரில் சேமித்து வைத்த கடவுச்சொல் இருந்தால் அழித்துவிடுங்கள். இந்த இரண்டாவது வேலையை விட்டுவிட்டால் அடுத்த லாகினில் அதே பிழை திரும்ப வரும். சேமித்த பழைய கடவுச்சொல் இன்னொரு தொல்லையும் தரும். பயனர் தன் கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் கணினி பழையதையே அனுப்பிக்கொண்டிருக்க, அவருடைய பயனர் கணக்கு திரும்பத் திரும்பப் பூட்டிக்கொள்ளும்.

மற்ற எண்கள் எளியவை. 53 வந்தால் சர்வரையே அடைய முடியவில்லை. 67 வந்தால் பெரும்பாலும் ஷேரின் பெயர் தவறு. 5 வந்தால் அனுமதி இல்லை.

அட்மினாக இயக்கிய கட்டளைச் சாளரத்தில் பயனரின் டிரைவ் எழுத்துகள் தெரியாது. அது பழுதல்ல, இரண்டும் வேறு வேறு லாகின் அமர்வுகள். ஸ்கிரிப்ட் எழுதும்போது டிரைவ் எழுத்தை நம்பாமல் முழுப் பாதையையே எழுதுங்கள்.

நெட்வொர்க்கில் கோப்புகளை வைக்கும் பழைய சேமிப்புப் பெட்டி ஏதாவது இருந்தால் இன்னொரு தடை வரும். 2017இல் வந்த விண்டோஸ் 10இன் 1709 பதிப்பு முதல், புதிதாக நிறுவும்போது எஸ்எம்பியின் முதல் பதிப்பான எஸ்எம்பி1 இயல்பாக வருவதில்லை. அதே ஆண்டு மே மாதம் வான்னாகிரை என்ற பணம் பறிக்கும் நச்சுநிரல் பரவியது இந்த எஸ்எம்பி1இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு இன்னும் ஒரு படி போய், ஒவ்வொரு எஸ்எம்பி இணைப்பிலும் கையொப்பம் கேட்கிறது. பெட்டி மறுத்தால் பெட்டியின் மென்பொருளைப் புதுப்பியுங்கள், முடியாவிட்டால் பெட்டியையே மாற்றுங்கள். ஒரு பழைய பெட்டிக்காக எல்லாக் கணினியிலும் பாதுகாப்பைத் தளர்த்துவது நியாயமே இல்லை.

லினக்ஸில்

கணினியை முதலில் டொமைனில் சேர்க்க வேண்டும். "ரெல்ம் டிஸ்கவர்" என்று டொமைன் பெயரோடு தட்டினால் டொமைன் தெரிகிறதா என்று சொல்லும், நிறுவ வேண்டிய தொகுப்புகளையும் பட்டியலிடும். பிறகு "ரெல்ம் ஜாயின்". பின்னணியில், டொமைன் பயனர்களை லினக்ஸுக்கு அடையாளம் காட்டும் எஸ்எஸ்எஸ்டி ஓடும். டொமைன் பயனராக லாகின் செய்து, "ஐடி" கட்டளையில் குரூப்புகள் வருகின்றனவா, "கேலிஸ்ட்" கட்டளையில் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டு இல்லாமல் மவுண்டுக்குப் போகாதீர்கள். புதுச் சீட்டு வாங்கும் "கேஇனிட்" கட்டளையை ஓட்டும்போது டொமைன் பெயரைப் பெரிய எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பது புதியவர்கள் தடுக்கி விழும் இடம்.

சிஐஎஃப்எஸ்-யூட்டில்ஸ், கீயூட்டில்ஸ் என்ற இரண்டு தொகுப்புகளையும் நிறுவுங்கள். இரண்டாவதை மறந்தால் கெர்பரோஸ் மவுண்ட் காரணம் புரியாமல் தோற்கும்.

எப்போதாவது ஒரு கோப்பைப் பார்க்க மட்டும் என்றால் ஃபைல் மேனேஜரின் முகவரிப் பட்டையில் எஸ்எம்பி://ஃபைல்1.கார்ப்.எக்சாம்பிள்.காம்/கணக்கு என்று கொடுத்தால் போதும். ஆனால் இப்படித் திறந்த ஷேரைச் சில மென்பொருள்கள் கண்டுகொள்ளாது. நிரந்தர வேலைக்கு /ஈடிசி/எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரே வரியாக இதை எழுதுங்கள்:

//ஃபைல்1.கார்ப்.எக்சாம்பிள்.காம்/கணக்கு /எம்என்டி/கணக்கு சிஐஎஃப்எஸ் செக்=கேஆர்பி5,மல்டியூசர்,யூசர்நேம்=பிசி07$,_நெட்டெவ்,நோஃபெயில்,எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட் 0 0

'செக்' பகுதி கெர்பரோஸைக் கேட்கிறது. 'யூசர்நேம்' இடத்தில் இருப்பது மனிதர் அல்ல, கணினியின் டொமைன் கணக்கு. பிசி07 என்ற கணினி டொமைனில் சேர்ந்தபோது அதன் சாவி /ஈடிசி/கேஆர்பி5.கீடேப் கோப்பில் வந்திருக்கும், அதை வைத்து மவுண்ட் நடக்கும். 'மல்டியூசர்' இருப்பதால், மவுண்ட் ஆன பிறகு யார் ஃபோல்டரைத் தொட்டாலும் அவரவர் சீட்டோடுதான் சர்வருக்குப் போவார்கள். சீட்டு இல்லாதவர் உள்ளே எதையும் பார்க்க முடியாது. '_நெட்டெவ்' நெட்வொர்க் வந்த பிறகு மவுண்ட் செய்யச் சொல்கிறது. 'நோஃபெயில்' சர்வர் இல்லாவிட்டாலும் கணினியைத் தொடங்க விடுகிறது. கடைசியில் உள்ளது, யாராவது ஃபோல்டரைத் தொடும்போது மட்டும் மவுண்ட் செய்கிறது. மடிக்கணினிகளுக்கு இது இல்லாமல் சரிப்படாது.

சர்வர் பக்கத்திலும் ஒரு வேலை இருக்கிறது. கணினிக் கணக்கு ஷேரின் வாசலைத் தாண்ட வேண்டும், ஆனால் 'டொமைன் யூசர்ஸ்' குரூப்பில் கணினிகள் இல்லை. 'டொமைன் கம்ப்யூட்டர்ஸ்' குரூப்புக்கு ஷேர் பர்மிஷனில் படிக்கும் உரிமையும், என்டிஎஃப்எஸ்ஸில் மேல் ஃபோல்டருக்கு மட்டும் படிக்கும் உரிமையும் கொடுங்கள். உள்ளே இருக்கும் ஃபோல்டர்களுக்கு அது இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷேரின் பெயரில் இடைவெளி இருந்தால் எஃப்எஸ்டேப்பில் அந்த இடத்தில் \040 எழுத வேண்டும். சோதனைக்காகக் கையால் மவுண்ட் செய்யும்போது சுடோ போடுவீர்கள், அப்போது ரூட் என்ற நிர்வாகக் கணக்கின் சீட்டைத் தேடும், ரூட்டிடம் சீட்டு இருக்காது. 'சிஆர்யூஐடி=' என்று சேர்த்து உங்கள் பயனர் எண்ணைக் கொடுத்தால் உங்கள் சீட்டை எடுத்துக்கொள்ளும்.

பிழை எண்களை இங்கே மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. 126 என்றால் சாவி கிடைக்கவில்லை, அதாவது சீட்டு இல்லை அல்லது கீயூட்டில்ஸ் இல்லை. 13 என்றால் அனுமதி மறுப்பு. 2 என்றால் ஷேரின் பெயர் அல்லது பாதை தவறு. 115 வந்தால் 445ஆம் போர்ட் எங்கோ அடைபட்டிருக்கிறது. 112 'ஹோஸ்ட் இஸ் டவுன்' என்று பயமுறுத்தும், ஆனால் சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் இரு பக்கமும் வேறு வேறு எஸ்எம்பி பதிப்பு பேசுகின்றன என்பதே அதன் பொருள். 2017இல் வந்த 4.13 கெர்னல் முதல் லினக்ஸும் எஸ்எம்பி1ஐ இயல்பாகப் பேசுவதில்லை. எந்தப் பிழையானாலும் உடனே "டிமெஸ்ஜி" ஓட்டி கடைசி வரிகளைப் படியுங்கள், உண்மையான காரணம் அங்கே இருக்கும்.

சீட்டின் ஆயுள் இயல்பாக 10 மணி நேரம். இரவு முழுக்க லாகவுட் செய்யாமல் விட்டுப் போனவர் காலையில் திரையைக் கடவுச்சொல்லால் திறக்கும்போதே வழக்கமாகப் புதுச் சீட்டு வந்துவிடும். வராமல் ஃபோல்டர் மறுக்கப்பட்டால் கேஇனிட் ஓட்டச் சொல்லுங்கள். தானே புதுப்பித்துக்கொள்ளும்படி எஸ்எஸ்எஸ்டியிலும் அமைக்கலாம். விபிஎன் இணையும் முன்பே மடிக்கணினியில் லாகின் செய்தவர்களுக்கும் சீட்டு இருக்காது, இணைந்த பிறகு கேஇனிட் ஓட்டச் சொல்லுங்கள்.

மேக்கில்

மேக்கில் வேலை குறைவு. ஃபைண்டரில் கமாண்ட்-கே அழுத்தி, எஸ்எம்பி:// என்று தொடங்கி சர்வரின் முழுப் பெயரையும் ஷேரையும் கொடுங்கள். 2013இல் வந்த மாவெரிக்ஸ் முதல் எஸ்எம்பிதான் மேக்கின் இயல்பான பகிர்வு மொழி. சீட்டுக்காக மேக்கை டொமைனில் சேர்க்கலாம். சேர்க்காமல், மேலாண்மை மென்பொருள் வழியாக சீட்டை வாங்கித் தரும் கெர்பரோஸ் எஸ்எஸ்ஓ நீட்சியை அனுப்பவும் செய்யலாம். மடிக்கணினிகள் அதிகம் என்றால் இரண்டாவது வழியே எனக்கு நிம்மதியாகப் படுகிறது.

மவுண்ட் ஆன ஷேர் /வால்யூம்ஸ் அடியில் வரும். அதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் பெயரின் கடைசியில் -1 ஒட்டிக்கொள்ளும், வடிவமைப்பு மென்பொருளில் இணைத்த படங்கள் எல்லாம் அப்போது காணவில்லை என்று வரும். இரண்டையும் வெளியேற்றிவிட்டு ஒருமுறை மட்டும் இணையுங்கள்.

கோப்புப் பெயர்கள்

மவுண்ட் எல்லாம் முடிந்த பிறகு வரும் சண்டை இதுதான். லினக்ஸில் எழுதும் நிரலாளர் ஒரே ஃபோல்டரில் பெரிய எழுத்தில் ஒன்றும் சிறிய எழுத்தில் ஒன்றுமாக இரண்டு கோப்புகள் வைத்துப் பழகியிருப்பார், விண்டோஸுக்கு இரண்டும் ஒரே பெயர். முக்கால்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக்குறி, மேற்கோள்குறி ஆகியவை விண்டோஸில் ஆகாது. பெயரின் கடைசியில் புள்ளியோ இடைவெளியோ வரக்கூடாது. பாதை 260 எழுத்தைத் தாண்டினால் பல விண்டோஸ் மென்பொருள்கள் திறக்காது, ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போகும்போது இது சீக்கிரம் நிரம்பிவிடும்.

தமிழில் கோப்புக்குப் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொன்று. 'கோ' என்ற எழுத்தின் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், இரட்டைக்கொம்பும் துணைக்காலும் என இரண்டு குறியாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்றேதான். விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் அவை இரண்டு வேறு பெயர்கள். ஒரே ஃபோல்டரில் அச்சு அசலாக ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் தெரிந்தாலோ, கண்முன் இருக்கும் கோப்பு தேடலில் வராவிட்டாலோ இதைச் சந்தேகியுங்கள். பெயரை விண்டோஸில் புதிதாகத் தட்டி மாற்றினால் தீர்ந்துவிடும்.

ஒப்படைக்கும் முன்

உங்கள் அட்மின் கணக்கில் சோதிப்பது சோதனையே ஆகாது. சாதாரண உரிமை மட்டும் உள்ள ஒரு சோதனைப் பயனராக மூன்று சிஸ்டத்திலும் லாகின் செய்யுங்கள். ஒரு கோப்பை உருவாக்கி, பெயர் மாற்றி, அதை மற்ற இரண்டு சிஸ்டத்திலும் திறந்து திருத்தி, கடைசியில் அழியுங்கள். போகக்கூடாத ஃபோல்டருக்கும் போய்ப் பார்த்து, மறுக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

ஷேரிலிருந்து அழித்த கோப்பு கணினியின் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நேராகப் போய்விடும். இதைப் பயனர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சர்வரில் கோப்புகளின் பழைய நிலையை மீட்டுத் தரும் ஷேடோ காப்பியையும், சாம்பா என்றால் அதன் ரீசைக்கிள் வசதியையும் இயக்கி வையுங்கள். இவை இருந்தாலும் காப்புப் பிரதி தனியாக வேண்டும்.

கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டு, ஷேர் தானாக வருகிறதா என்று பாருங்கள். அப்புறம் சோதனைப் பயனரின் கடவுச்சொல்லை மாற்றி, மூன்று சிஸ்டத்திலும் திரும்ப லாகின் செய்யுங்கள். எங்காவது பழைய கடவுச்சொல் சேமிக்கப்பட்டிருந்தால், அது பயனர்களைத் தொல்லை செய்வதற்கு முன்பே அன்றைக்கே தெரிந்துவிடும்.